குட்டையில உயிர் விட்ட கதை

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தா, நாங்க ஒன்றரை வருஷமா பிளாக்செயின்ல (பல கம்ப்யூட்டர் சேர்ந்து வச்சிருக்கற, தனியா யாரும் திருத்த முடியாத கணக்குப் புத்தகம்) கட்டின உலகத்துல 612 டிஜிட்டல் பூச்சி இருந்துச்சு. அதுல 540 செத்திருக்கணும், ஆனா சாகல, உயிரோடயும் இல்ல. இது எப்படி ஆச்சுங்கறது தான் மெயின் மேட்டர், ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் முன்கதை சொல்லியாகணும், பொறுத்துக்கோங்க.

மொத்தம் மூணு பேரு. நான் பகல்ல ஒரு ஆபீஸ்ல பேக்கெண்ட் கோட் எழுதறவன். காலேஜ் ரூம்மேட் ஒருத்தன், பிளாக்செயின் ப்ரோக்ராம் எழுதற சாலிடிட்டிங்கற மொழி நல்லா தெரிஞ்சவன். அப்புறம் அவனோட அக்கா, காலேஜ்ல ஜுவாலஜி எடுக்கறாங்க. அக்காவை நாங்க சேர்த்துக்கிட்டது சும்மா கெத்துக்கு தான், டீம்ல ஒரு பயாலஜி ஆள் இருந்தா நல்லா இருக்குமேன்னு. கடைசில பார்த்தா இந்த ப்ராஜெக்ட்டுல உருப்படியா நடந்ததுல பாதி அவங்க திட்டினதுல நடந்தது.

ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல. 1990 வாக்குல டாம் ரேன்னு ஒரு எக்காலஜிஸ்ட், காட்டுல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த மனுஷன், டியரான்னு ஒரு ப்ரோக்ராம் எழுதினாரு. 80 இன்ஸ்ட்ரக்ஷன் நீளத்துல தன்னைத் தானே காப்பி எடுத்துக்கிற ஒரு குட்டி கோடை மெமரிக்குள்ள விட்டாரு, காப்பி எடுக்கும்போது அப்பப்போ ஒரு பிட்டு (0 அல்லது 1) மாறும், அவ்ளோதான் செட்டப்பு. கொஞ்ச நேரத்துல 45 இன்ஸ்ட்ரக்ஷன்ல ஒண்ணு வந்து நிக்குது, அதுக்கு சொந்தமா காப்பி எடுக்கற கோடே கிடையாது, பக்கத்துல இருக்கறவனோட கோடை ஓசில ஓட்டி குட்டி போடுது. ஒட்டுண்ணி! யாரும் எழுதாத ஒட்டுண்ணி. மெமரி நிரம்பிட்டா கிழடுங்களையும் தப்பு பண்றதுங்களையும் தூக்க ரீப்பர்னு ஒண்ணு வச்சிருந்தாரு, நாங்க அதை எமன்னு சொல்லிக்குவோம். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

இன்னொரு பக்கம் 2017 நவம்பர் கடைசில வந்த கிரிப்டோகிட்டீஸ். எத்திரியம்ங்கற பிளாக்செயின்ல பூனை வாங்கி ஜோடி சேர்த்து குட்டி எடுக்கற விளையாட்டு, ஒவ்வொரு பூனைக்கும் 256 பிட்டுல ஒரு ஜீன், டிசம்பர்ல அந்தக் கூட்டத்துல நெட்வொர்க்கே திணறிப் போச்சு. ஆனா அதுல பூனை சாப்பிடாது, பட்டினி கிடக்காது, சாகவும் சாகாது. சாவே இல்லாத இடத்துல என்ன எவல்யூஷன்? அதனால ரெண்டையும் கலந்து ஒண்ணு பண்ணுவோம்னு ஆரம்பிச்சோம். ஒரு உலகம், அதுல புல்லு முளைக்கும், பூச்சிங்க மேயும், சண்டை போடும், குட்டி போடும், சாகும், எல்லாம் பிளாக்செயின்லயே. பேரு குட்டை. குளம்னு வைக்கற அளவுக்கு எங்களுக்கு பட்ஜெட் இல்ல.

"நார்மல் சர்வர்லயே ஓட்டலாமே"ன்னு அக்கா முதல் நாளே கேட்டாங்க. ரூம்மேட் சொன்னான், "சர்வர்ல ஓட்டினா எங்களுக்குப் பிடிக்காத பூச்சியை நாங்களே ராத்திரியில தூக்கிடலாம்க்கா, செயின்ல போட்டா எங்களாலயும் முடியாது, இயற்கைக்கு அட்மின் பாஸ்வேர்டு இருக்கா என்ன". செம டயலாக்கு. இதே டயலாக்கு தான் எங்களுக்கு பின்னாடி ஆப்பு வச்சுது.

முதல் அடி கேஸ்ல. தெரியாதவங்களுக்கு, கேஸ்னா செயின்ல நடக்கற ஒவ்வொரு வேலைக்கும் கட்டற கூலி. எத்திரியத்துல ரெண்டு நம்பரைக் கூட்டறதுக்கு 3 கேஸ், ஒண்ணுமே இல்ல. ஆனா ஒரு விஷயத்தை ஸ்டோரேஜ்ல புதுசா எழுத 22,100, இருக்கறதை மாத்தி எழுத 5,000. யோசிக்கறது சீப்பு, ஞாபகம் வச்சுக்கறது தான் காஸ்ட்லி. எங்க உலகம் 64க்கு 64, மொத்தம் 4,096 கட்டம். எல்லாக் கட்டத்தையும் ஒரு தடவை அப்டேட் பண்ண வெறும் எழுத்துக்கூலி மட்டும் 2 கோடியே 4 லட்சத்து 80 ஆயிரம் கேஸ். அப்போ எத்திரியத்துல ஒரு முழு பிளாக்குக்கே (செயின்ல ஒரு தடவைக்கு ஏறற டிரான்ஸாக்ஷன் கட்டு) லிமிட் 3 கோடி தான். அதாவது எங்க குட்டையில ஒரு நொடி நகரணும்னா உலகத்துல மத்தவன் எல்லாம் வேலையை நிறுத்திட்டு மூணுல ரெண்டு பங்கு பிளாக்கை எங்களுக்கு விட்டுக்கொடுக்கணும். ரூபாய் கணக்கு பார்த்தா இன்னும் கேவலம், ஒரு கேஸ் 20 கிவெய் (நூறு கோடி கிவெய் சேர்ந்தா ஒரு ஈதர், அதான் எத்திரியத்தோட காசு), ஒரு ஈதர் 2,000 டாலர்னு வச்சாலே ஒரு டிக்குக்கு, அதாவது உலகம் ஒரு தடவை நகர, 800 டாலருக்கு மேல. பூச்சி ஒரு எட்டு எடுத்து வைக்க ஒருத்தரோட மாசச் சம்பளம்.

அதனால டெஸ்ட்நெட்லயே, அதாவது சோதனைக்குன்னு வச்சிருக்கற செயின்லயே கிடந்தோம், அங்க ஈதர் ஓசி. அந்த அஞ்சாறு மாசத்துல கத்துக்கிட்டது நிறைய, முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

ஒரு பூச்சின்னா ஸ்டோரேஜ்ல ஒரே ஒரு 256 பிட் துண்டு, அதுக்கு மேல ஒரு பிட்டு கூட கிடையாதுன்னு முடிவு பண்ணோம். ஜீனுக்கு 128, எனர்ஜிக்கு 16, இடத்துக்கு 12, பிறந்த பிளாக்குக்கு 40, கடைசியா தொட்ட பிளாக்குக்கு 40, மிச்சம் 20 இதர ஆமா-இல்ல குறிகளுக்கு. பழைய வீட்டுல அஞ்சறைப் பெட்டி வச்ச மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கணும், எடுக்கும்போது பிட்டை நகர்த்தி நகர்த்தி எடுக்கணும், கோடு பார்க்க கண்றாவியா தான் இருக்கும், ஆனா எழுத்துக்கூலி பல மடங்கு குறையும். யாரு யாருக்குப் பிறந்தாங்கற வம்ச வரலாறை ஸ்டோரேஜ்ல வைக்கவே கூடாது, ஈவென்ட் லாக்ல விட்டுடணும், ரொம்ப சல்லிசு. ஒரே குறை, காண்ட்ராக்ட்டால (செயின்ல ஓடற எங்க ப்ரோக்ராம்) தன்னோட லாகையே திரும்பப் படிக்க முடியாது, வெளிய இருந்து நாம தான் படிக்கணும்.

மியூட்டேஷன் எப்படி போடறதுன்னு ஒரு வாரம் மண்டையை உடைச்சோம். 128 பிட்டுக்கும் தனித்தனியா காசு சுண்டினா லூப்பு ஓடி ஓடி கேஸ் தின்னுடும். ரூம்மேட் ஒரு தந்திரம் கண்டுபிடிச்சான், இல்ல எங்கயோ படிச்சிருப்பான். ஹேஷ்னா எதைக் கொடுத்தாலும் கலக்கி ரேண்டம் மாதிரி ஒரு நம்பர் தர்றது, அதுல ஒவ்வொரு பிட்டும் 1 ஆ இருக்க பாதிக்குப் பாதி சான்ஸ். ரெண்டு ஹேஷை ஆண்ட் பண்ணா (ரெண்டுலயும் 1 இருந்தா தான் 1) நாலுல ஒண்ணு. மூணு ஹேஷ்னா எட்டுல ஒண்ணு. இப்படி ஆறு ஹேஷை ஆண்ட் பண்ணா 64ல ஒண்ணு, அந்த மாஸ்க்கை குட்டியோட ஜீன்ல எக்ஸார் பண்ணா (மாஸ்க்ல 1 இருக்கற இடத்துல ஜீன் பிட்டு மாறும்) முடிஞ்சுது, லூப்பே இல்ல. ஹேஷ் ஒண்ணுக்கு அம்பது கேஸ் கூட ஆகாது. அம்மா அப்பா ஜீனைக் கலக்கறதும் இதே மாதிரி தான், ஒரு ரேண்டம் மாஸ்க்கு, 1 இருக்கற இடத்துல அம்மா, 0 இருக்கற இடத்துல அப்பா.

பண்ணி விட்டோம். குட்டிங்க எல்லாம் லூசு மாதிரி பிறந்துச்சு. நல்லா மேயற ஒரு வம்சம் வந்தா நாலு தலைமுறைல அது காணாமப் போயிடும். அக்காகிட்ட காட்டினோம். "ஒரு குட்டிக்கு சராசரியா எத்தனை பிட்டு மாறுதுப்பா?" 64ல ஒண்ணு, 128 பிட்டு, அப்போ ரெண்டு. "ரெண்டு ரொம்ப அதிகம். மான்ஃப்ரெட் ஐகன்னு ஒருத்தர் 1971லயே சொல்லிட்டாரு, காப்பில தப்பு ஒரு அளவைத் தாண்டிச்சுன்னா செலக்ஷன் எவ்ளோ இழுத்துப் பிடிச்சாலும் நல்ல ஜீன் நிக்காது, கரைஞ்சுடும். ஜீன் நீளத்துக்கு ஒரு தப்புங்கறது உச்சவரம்பு மாதிரி, அதுக்குக் கீழ வை." எட்டு ஹேஷா மாத்தினோம், 256ல ஒண்ணு, ரெண்டு குட்டிக்கு ஒரு மாற்றம். அதுக்கப்புறம் தான் குட்டை நிஜமாவே குட்டை மாதிரி இருக்க ஆரம்பிச்சுது.

அடுத்தது ரேண்டம். அந்த ஹேஷுக்கு விதை எங்க இருந்து வரும்? பிளாக் ஹேஷ்ல இருந்து எடுத்தோம். பப்ளிக்கா விட்ட ரெண்டாவது வாரமே ஒருத்தருக்கு மட்டும் பிறக்கறதெல்லாம் சூப்பர் குட்டியா பிறக்குது. தோண்டிப் பார்த்தா அவரு நேரா எங்க காண்ட்ராக்ட்டைக் கூப்பிடல, நடுவுல சொந்தமா ஒரு காண்ட்ராக்ட் வச்சிருக்காரு. அது ஜோடி சேர்க்கும், அதே டிரான்ஸாக்ஷன்லயே குட்டியைப் பார்க்கும், பிடிக்கலைன்னா மொத்தத்தையும் ரிவர்ட் பண்ணிடும். நடக்கவே இல்லைன்னு ஆயிடும். திரும்ப அடுத்த பிளாக்ல ட்ரை. சரி, ஜோடி சேர்றது ஒரு பிளாக்ல, பிரசவம் சில பிளாக் கழிச்சுன்னு ரெண்டா உடைச்சோம், கிரிப்டோகிட்டீஸ்லயும் ஏறக்குறைய இதே வழி தான். அதுக்கும் வழி கண்டுபிடிச்சாங்க. அப்போ எத்திரியத்துல கடைசி 256 பிளாக்கோட ஹேஷ் மட்டும் தான் காண்ட்ராக்ட்டுக்கு கிடைச்சுது, அதுக்கு முந்தினதைக் கேட்டா பூஜ்ஜியம் வரும். ரெண்டு செகண்டுக்கு ஒரு பிளாக் வர்ற செயின்னா எட்டரை நிமிஷம். ஒரு டீ குடிச்சிட்டு வந்து பிரசவம் பார்த்தா விதை பூஜ்ஜியம், பூஜ்ஜியத்துக்கு என்ன குட்டி வரும்னு முன்னாடியே கணக்கு போட்டு வச்சுக்கலாம். கெடு தாண்டினா கரு கலைஞ்சுடும், போட்ட எனர்ஜியும் போகும்னு ரூல் போட்ட பிறகு தான் நின்னுச்சு. யாராவது உங்ககிட்ட பிளாக் ஹேஷை ரேண்டமா யூஸ் பண்ணலாம்னு சொன்னா, இந்த ரெண்டு ஓட்டையையும் அடைச்சீங்களான்னு முதல்ல கேளுங்க.

அப்புறம் ஒரு நாள் நாங்க இருந்த டெஸ்ட்நெட்டையே மூடிட்டாங்க. டெஸ்ட்நெட்டுங்க அப்படித்தான், ராப்ஸ்டன், ரிங்கிபி, கோர்லின்னு வரிசையா மூடியிருக்காங்க, நாங்க தான் அதை வீடுன்னு நினைச்சுக்கிட்டோம். அழியாத உலகம்னு பீத்திக்கிட்டிருந்தது ஒரு நாள்ல போச்சு.

2024 மார்ச்ல எத்திரியத்துல டென்கன் அப்கிரேடு வந்து லேயர் டூ செயின்ல (எத்திரியத்து மேல உக்காந்து ஓடற துணைச் செயின்) கட்டணம் நல்லா இறங்குச்சு. இதான் நேரம்னு ஒரு லேயர் டூல நிஜக் காசு போட்டு ரெண்டாவது குட்டையை இறக்கினோம். இந்தத் தடவை எல்லாத்தையும் ஒவ்வொரு டிக்குலயும் அப்டேட் பண்றதை விட்டுட்டோம். ஒரு பூச்சியை யாராவது தொட்டா தான் அதுக்கு கணக்கு போடுவோம். கடைசியா தொட்டது எந்த பிளாக், இப்ப எந்த பிளாக், நடுவுல எவ்ளோ பசிச்சிருக்கும், கழிச்சுக்கோ. புல்லும் அப்படித்தான், கடைசியா மேஞ்சதுல இருந்து எவ்ளோ வளர்ந்திருக்கும், கூட்டிக்கோ. பால்காரர் மாசக் கடைசில மொத்தமா கணக்கு பார்க்கற மாதிரி. தொடறதுக்கு நாங்க ஒரு பாட் (தானா ஓடற ப்ரோக்ராம்) வச்சிருந்தோம், அது சுத்திச் சுத்தி வந்து ஒவ்வொண்ணையும் தட்டி எழுப்பும். வேற யாரு தொட்டாலும் அவங்களுக்கு கொஞ்சம் கூலி கிடைக்கும்.

நல்லா ஓடுச்சு. நாங்களும் ராத்திரி எல்லாம் உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்போம். அப்போ தான் அக்கா ஒண்ணு கவனிச்சாங்க. வேகத்துக்குன்னு ஒரு ஜீன் வச்சிருந்தோம், வேகமா ஓடறது முதல்ல புல்லுக்குப் போகும், ஆனா பசியும் அதிகம். ரெண்டுக்கும் நடுவுல எங்கயாவது வந்து நிக்கும்னு எதிர்பார்த்தோம். நிக்கல. அந்த ஜீன் இஷ்டத்துக்கு அலைஞ்சுது, மேலயும் போகுது கீழயும் போகுது, செலக்ஷனே இல்லாத ஜீன் எப்படி அலையுமோ அப்படி. யோசிச்சா காரணம் சிம்பிள். ரெண்டு பூச்சி ஒரே புல்லுக்கு ஓடினா யாருக்கு கிடைக்கும்? வேகமா ஓடறதுக்கு இல்ல, யாரோட டிரான்ஸாக்ஷன் பிளாக்ல முதல்ல ஏறுதோ அதுக்கு. யாரு கேஸ் அதிகமா கட்டறாங்களோ அவங்க பூச்சிக்கு தான் கால் நீளம். நாங்க ஒரு இயற்பியல் எழுதி வச்சிருந்தோம், ஆனா அதுக்கு அடில ஏற்கனவே இன்னொரு இயற்பியல் ஓடிட்டிருந்துச்சு, அதுல புவியீர்ப்பே கேஸ் தான்.

(இதுக்கு ஓரளவு மருந்து இருக்கு. ஒரு சுத்துல வர்ற எல்லா அசைவையும் முதல்ல வாங்கி வச்சுக்கிட்டு, கதவை மூடிட்டு, அப்புறம் ஜீன்ல இருக்கற வேகத்தை வச்சு வரிசைப்படுத்தி தீர்க்கணும். நாங்க லேட்டா பண்ணோம்.)

அடுத்த கூத்து கலர். ஜீன்ல கடைசி எட்டு பிட்டு வெறும் நிறத்துக்கு, ஸ்க்ரீன்ல அழகா தெரியட்டும்னு போட்டது, அதுக்கும் பொழப்புக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா பூச்சிங்களை நாங்க இஆர்சி-721ல (ஒவ்வொண்ணையும் தனித்தனியா வாங்கி விக்கற என்எஃப்டி டோக்கனுக்கான பொது வடிவம்) போட்டிருந்தோம், எல்லாரும் அதைத்தானே போடறாங்கன்னு. அதுல போட்டா நீங்க கூப்பிடாமலே சந்தைல லிஸ்ட் ஆயிடும். யாரோ ஒருத்தரு கரு நீலத்துல ஒண்ணை மூணு டாலருக்கு வித்தாரு. அவ்ளோதான். ரெண்டே மாசத்துல குட்டையில எங்க பார்த்தாலும் நீலம், மேயவே தெரியாத, நோஞ்சான் நீலம், ஓனரோட பாட் வந்து வேளாவேளைக்கு ஊட்டி விடுது. எனக்கு வெறுப்பா இருந்துச்சு, ரூம்மேட்டுக்கு ஒரே குஷி, "மச்சி ட்ரேடிங் வால்யூம் பாரு"ங்கறான்.

அக்கா கோவப்படல, சிரிச்சாங்க. எங்க மாமா ஒருத்தரு வியாசர்பாடில மொட்டை மாடில புறா வளர்த்தாரு, வடசென்னைல அது ஒரு தனி உலகம், நான் அதைச் சொல்லிட்டிருந்தேன், கர்ணம் அடிக்கற புறாவை எப்படி ஜோடி பார்த்து ஜோடி பார்த்து எடுப்பாருன்னு. அக்கா சொன்னாங்க, "டார்வின் 1859ல புக்கை எழுதினப்போ முதல் அத்தியாயத்துல காடு, தீவு எதுவும் கிடையாது, வீட்டுல வளர்க்கறதுங்க, அதுலயும் முக்கியமா புறா தான். அவரே புறா வளர்த்தாரு. மனுஷன் விரும்பினதைத் தேர்ந்தெடுத்தா எவ்ளோ சீக்கிரம் உருவம் மாறும்னு அதுல காட்டிட்டு தான் இயற்கைக்கே வர்றாரு. நீங்க இன்னும் முதல் அத்தியாயத்துல தான் நிக்கறீங்க. இது குட்டை இல்லப்பா, உங்க மாமாவோட புறாக்கூண்டு. அதுவாவது நிஜமாவே பறக்கும்."

அதைக் கேட்டுட்டும் நாங்க ஒண்ணும் மாத்தல. மாத்தவும் முடியாது. அட்மின் சாவியே இல்லாம இறக்கிட்டோமே, அதைத்தானே பெருமையா சொல்லிக்கிட்டிருந்தோம்.

இப்ப பொங்கலுக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கோயம்பேடு கூட்டத்துல... இல்ல இப்ப கிளாம்பாக்கம்ல, அங்க நின்னுட்டிருந்தேன். பாட்டோட வாலட்டுல பேலன்ஸ் கம்மியா இருக்குன்னு ஒரு அலர்ட் வந்திருக்கு, நான் பார்க்கல, பஸ் பிடிக்கற அவசரம். ஞாயிறு காலைல வாலட் காலி. பாட் நின்னுடுச்சு. ரூம்மேட் அவன் மாமனார் வீட்டுல, அக்கா வீட்டுல விருந்தாளிங்க. மத்த ப்ளேயருங்களும் நம்ம ஆளுங்க தான் நிறைய, அவங்களுக்கும் லீவு. நான் திரும்பி வந்தது அடுத்த ஞாயிறு. ஏழு நாள். ரெண்டு செகண்டுக்கு ஒரு பிளாக், 3,02,400 பிளாக். செயினுக்கு பொங்கல் லீவு கிடையாது, பசி ஏறிக்கிட்டே இருந்திருக்கு.

சரி போச்சு, எல்லாம் செத்திருக்கும், பாட்டுக்கு காசு போட்டு எமனை விட்டு பிணத்தை எல்லாம் எடுத்தா புல்லு வளரும், மிச்சம் மீதி இருக்கறது பெருகும், நிஜ உலகத்துலயும் பேரழிவு நடக்கத்தானே செஞ்சுதுன்னு மனசைத் தேத்திக்கிட்டு பாட்டை ஆன் பண்ணேன். முதல் பூச்சியைத் தொட்டுச்சு, ஃபெயில். அடுத்தது, ஃபெயில். லாகு பூரா சிவப்பு. கேஸ் மட்டும் கரையுது.

கோடைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு வரி. இருக்கற எனர்ஜில இருந்து பசியைக் கழி, கழிச்ச பிறகு பூஜ்ஜியம்னா சாகடி. இதான். பாட் அடிக்கடி தொட்டுக்கிட்டே இருந்தவரைக்கும் இது கரெக்ட்டா வேலை செஞ்சுது, ஏன்னா அடுத்த சுத்துக்குத் தாங்காதுன்னு தெரிஞ்சாலே முன்கூட்டியே பூஜ்ஜியமாக்கற ஒரு செக் தனியா இருந்துச்சு. ஆனா எனர்ஜி 900 இருக்கு, பசி மூணு லட்சம்னா? 900ல இருந்து மூணு லட்சத்தைக் கழிச்சா மைனஸ். எங்க நம்பர்ல மைனஸே கிடையாது. சாலிடிட்டி 0.8க்கு முன்னாடி இருந்திருந்தா சுத்திக்கிட்டு போய் பிரம்மாண்ட நம்பரா ஆகி பூச்சிக்கு கோடீஸ்வர யோகம் அடிச்சிருக்கும். 0.8ல இருந்து அப்படி விடாது, தப்புன்னு சொல்லி டிரான்ஸாக்ஷனையே ரிவர்ட் பண்ணும். பாதுகாப்புக்கு வச்சது. விளைவு என்னன்னா, பட்டினில செத்த பூச்சியை சாகடிக்கணும்னா முதல்ல தொடணும், தொட்டா ரிவர்ட், ரிவர்ட் ஆனா சாவு நடக்கல. எமன் வாசல்ல நிக்கறாரு, கதவு திறக்க மாட்டேங்குது. பக்கத்துக் கட்டத்துல இருக்கறது இதைத் தாண்டிப் போகணும்னா அதுவும் இதோட கணக்கைப் பார்க்கணும், அதுவும் ரிவர்ட்.

540 பேய். ஒவ்வொண்ணும் ஒரு கட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு.

உயிரோட இருந்தது ரெண்டே கூட்டம். ஒண்ணு நீலம், 49. அதுங்க ஓனரோட பாட் வேற வாலட்டுல ஓடுச்சு, அது தன்னோடதை மட்டும் தொட்டு ஊட்டிக்கிட்டே இருந்திருக்கு. இன்னொண்ணு 23 பொடிசுங்க. இதுங்க எப்படி? பசிக்கற வேகம் சைஸை நாலால வகுத்ததுன்னு எழுதியிருந்தோம். சைஸ் 3ன்னா 0.75 வரணும். சாலிடிட்டில தசமமே கிடையாது, வெட்டி எறிஞ்சு 0ன்னு வச்சுக்கும். சைஸ் 3ம் அதுக்குக் கீழயும் இருக்கற பூச்சிக்கு பசியே இல்ல! பல மாசமா பொடிசுங்க மெதுவா கூடிக்கிட்டே வந்ததை நாங்களும் பார்த்தோம், "அட, குள்ளமா இருக்கறது ஒரு உத்தியா வந்திருக்கு பாரு"ன்னு ரசிச்சோம். 1994ல கார்ல் சிம்ஸ்னு ஒருத்தர் கம்ப்யூட்டர்ல எவல்யூஷன் ஓட்டி பண்ண உருவங்கள்ல வேகமா நகருன்னு சொன்னதுக்கு நடக்கக் கத்துக்காம உயரமா வளர்ந்து பொத்துன்னு விழுந்ததுங்க உண்டு. நம்ம எழுதின ரூல்ல எங்க ஓட்டையோ அங்க எவல்யூஷன் போய் நிக்கும், அதை விட கறாரான டெஸ்டரை நீங்க சம்பளத்துக்கு எடுக்க முடியாது.

அன்னைக்கு ராத்திரி மூணு பேரும் கால்ல உக்காந்தோம். ரூம்மேட் "ப்ராக்ஸி போட்டிருக்கலாம்டா"ன்னு (கோடைப் பின்னாடி மாத்த வழி வைக்கற அமைப்பு) அம்பது தடவை சொல்லிட்டான். அக்கா ரொம்ப நேரம் பேசல, அப்புறம், "உங்க உலகத்துல எனர்ஜி எங்க இருந்து வருது, எங்க போகுதுன்னு யாராவது கணக்கு வச்சிருக்கீங்களா?" வைக்கல. வெயில்ல இருந்து புல்லுக்கு வந்தது இவ்ளோ, அது புல்லு, உடம்பு, தசமத்தோட தனியா கணக்கு போட்ட செலவு மூணையும் கூட்டினதுக்கு சமமா இருக்கணும். இந்த ஒரு கணக்கை டெஸ்டா எழுதி வச்சிருந்தா பொடிசுங்க விஷயம் முதல் நாளே மாட்டியிருக்கும். பள்ளிக்கூடத்துல படிச்ச எனர்ஜி கன்சர்வேஷன், மூணு பேருக்கும் தோணல, அக்காவுக்கே லேட்டா தான் தோணுச்சுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

இப்ப ஃபவுண்ட்ரிங்கற டெஸ்டிங் டூல்ல அதை இன்வேரியன்ட் டெஸ்டா (எப்பவும் மாறக் கூடாத ஒரு கணக்கைச் சோதிக்கறது) போட்டிருக்கேன், கண்டபடி ஃபங்ஷனைக் கூப்பிட்டு அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் மொத்த எனர்ஜி சரியான்னு பார்க்கும். பிளாக் நம்பரை ஒரேயடியா அஞ்சு லட்சம் தள்ளி வச்சு ஒரு டெஸ்ட்டு, அதுக்கு பேரே பொங்கல் டெஸ்ட். எனர்ஜி எல்லாம் ஆயிரத்தால பெருக்கி வச்சுக்கறோம், வகுக்கும்போது செலவுன்னா மேல ரவுண்டு, வரவுன்னா கீழ ரவுண்டு, பூச்சிக்கு சாதகமா ஒரு பைசா கூட போகக் கூடாது. அட்மின் சாவி விஷயத்துல வீராப்பு எல்லாம் விட்டாச்சு, முதல் ஆறு மாசம் மாத்தலாம், மாத்தறதை 7 நாள் முன்னாடி எல்லாருக்கும் தெரியற மாதிரி டைம்லாக்ல போடணும், ஆறு மாசம் முடிஞ்சா சாவி தானா செத்துடும்.

மூணாவது குட்டைல பூச்சி செயின்லயே இல்ல. ரஸ்ட்ங்கற மொழில எழுதின சிமுலேஷன் ஒரு சாதா மெஷின்ல ஓடுது, மணிக்கு ஒரு தடவை மொத்த உலகத்தோட மெர்க்கிள் ரூட்டை (எல்லாத்தையும் சுருக்கின ஒரே ஹேஷ், கைரேகை மாதிரி), 32 பைட், செயின்ல எழுதறோம், அந்த மணிக்கான ரேண்டம் விதையும் செயின்ல இருந்து தான் வருது. சந்தேகம் இருக்கறவங்க அதே விதையைப் போட்டு அவங்க மெஷின்ல ஓட்டிப் பார்க்கலாம், ரூட் ஒத்துப் போகணும். கேக்க ஈஸியா இருக்கு, ஆனா ஒத்துப் போக வைக்கறதுக்குள்ள தாவு தீர்ந்துச்சு. ரெண்டு மெஷின்ல ஓட்டினா ரெண்டு ரூட் வருது. ரெண்டு நாள் தேடினதுல, ஹேஷ்மேப்புல (பூச்சிங்களை வச்சிருந்த பட்டியல்) ஒவ்வொண்ணா எடுக்கற வரிசை ரஸ்ட்ல ஒவ்வொரு ரன்னுக்கும் மாறும், அதனால எந்தப் பூச்சி முதல்ல மேயுதுங்கறது மாறி, நூறு டிக்குல உலகமே வேற ஆயிடுது. எப்பவும் ஒரே வரிசைல தர்ற பி-ட்ரீமேப்புக்கு மாத்தினோம், ஃப்ளோட் (தசம எண்) எங்கயுமே கிடையாது, வெறும் இன்டிஜர் (முழு எண்). இப்ப 4,096 கட்டம் இல்ல, பத்து லட்சம் கட்டம் ஓடுது, செயின் செலவு ஒரு நாளைக்கு 24 தடவை எழுதற கூலி.

பூச்சியை விக்கவும் முடியாது, டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனையே எடுத்தாச்சு. ரூம்மேட்டுக்கு அதுல இன்னும் வருத்தம் தான், ஒரு டோக்கனாவது விடலாம்னு நடுவுல ஒரு மாசம் நச்சரிச்சான். 2022 ஏப்ரல்ல இருந்து லாபத்துல 30 சதவீதம் வரி, ஜூலைல இருந்து விக்கும்போதே 1 சதவீதம் டிடிஎஸ், ஒண்ணுல வந்த நஷ்டத்தை இன்னொண்ணுல கழிக்கவும் முடியாதுன்னு ஆடிட்டர் ஒருத்தரு உக்கார வச்சு விளக்கினாரு, அதோட அடங்கிட்டான். எனக்கு அதை விட, விலைன்னு ஒண்ணு வந்தா பூச்சி புல்லைப் பார்த்து மாறாது, வாங்கறவனைப் பார்த்து தான் மாறுங்கறது அந்த 49 நீலத்தைப் பார்த்தே புரிஞ்சு போச்சு. ப்ளேயருங்க முக்கால்வாசி பேரு போயிட்டாங்க. இருக்கட்டும். அக்கா காலேஜ்ல பிஎஸ்சி பசங்களுக்கு இதை வச்சு லேப் எடுக்கறாங்க, நிறத்துக்கான ஜீன் இப்ப சும்மா அலையுது, வேக ஜீன் நடுவுல ஒரு இடத்துல வந்து நின்னுடுச்சு, அதைப் பார்த்த அன்னைக்கு நாங்க மூணு பேரும் பிரியாணி சாப்பிட்டோம்.

ரெண்டாவது குட்டை அந்த லேயர் டூல அப்படியே தான் கிடக்கு, யாராலயும் மாத்த முடியாது, நாங்க சொன்ன மாதிரியே. நீலத்தோட ஓனரு கொஞ்ச நாள்ல பாட்டை நிறுத்திட்டாரு போல, அந்த 49ம் இப்ப பேய் தான். போன வாரம் சும்மா போய் ஒண்ணைத் தொட்டுப் பார்த்தேன், ரிவர்ட். பொடிசுங்க 23 மட்டும் பசிக்காம, நடுவுல மாட்டிக்கிட்டு, சுத்தி புல்லு உச்சவரம்பு வரைக்கும் வளர்ந்து நிக்குது.